சுரங்கக் கழிவில் பழங்காடு

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மேசன் கிரீக் என்னும் பகுதி உண்டு. நிலக்கரி தோண்டியவர்கள் அங்கே ஒதுக்கிக் குவித்த மண்மேடுகளில், சுமார் 31 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பெரணி இலைகள் உருண்டைக் கற்களுக்குள் பதிந்துள்ளன. சேற்றில் புதைந்த இலை அழுகியபோது, அதைச் சுற்றி இரும்புக் கார்பனேட் படிந்து கல்லானது.

அந்தக் கல்லைக் கண்டபடி சுத்தியலால் அடித்தால் இலையும் சிதறிவிடும். ஆகவே, நீரில் ஊறவைத்து, உறைய வைத்து, மீண்டும் உருக விடுகிறார்கள். உறையும் நீர் விரிவதால், பலமுறை செய்யும்போது, இலை பதிந்த பலவீனமான தளத்திலேயே கல் பிளக்கிறது.

மேடுகளைப் புதர் மூடி வருகிறது. வெளியே கிடக்கும் கற்களோ வெயிலிலும் பனியிலும் சிதைகின்றன. எடுக்காவிட்டால் அவை அழியும். எடுத்த இடத்தைக் குறித்து வைக்காவிட்டால், ஆய்வாளருக்கு அதன் பயன் பெரிதும் குறையும். அனுமதி பெற்று எடுப்பதும், கல்லோடு ஒரு குறிப்புச் சீட்டு வைப்பதும் சேகரிப்பவரின் கடமையாகும்.