எதிலிருந்து எதைக் கழிப்பது?
முதலாம் படிவக் கணித வகுப்பில் பதினாறு வாரம்

“கணிதத்துக்கு மொழி தடையே இல்லை. எண்கள் உலகத்துக்கே பொது.” இந்தக் கூற்றைக் கேட்காதவர் நம்மில் இருக்க முடியாது. கல்வித்துறையில் கணிதத்தை முதன்மைப் பாடமாக எடுத்துப் பயிலும் நானும் இதை நம்பியிருந்தேன். கற்பித்தல் பயிற்சிக்காக ஒரு தேசிய இடைநிலைப்பள்ளியில் பதினாறு வாரம் முதலாம் படிவ மாணவர்களுக்குக் கணிதம் போதித்த பிறகு, அந்த நம்பிக்கையில் பாதிதான் மிஞ்சியது. எண்கள் பொதுதான். அவற்றைக் கோத்துத் தரும் வாக்கியம் பொதுவன்று. இதை எனக்குக் கற்பித்தவன் 13 வயது மாணவன் ஒருவன். அவனைப் பற்றிச் சொல்வதற்கு முன், அந்த வகுப்பறைக்குள் உங்களை ஒருமுறை அழைத்துச் செல்கிறேன்.

ஒரு மணி நேரம் எங்கே போகிறது?

கால அட்டவணையில் கணிதப் பாடம் ஒரு மணி நேரம். உடற்கல்வி முடிந்து வியர்வையோடு வரும் 34 பேர் இருக்கையில் அமரவே பத்து நிமிடம் ஆகிவிடும். வீட்டுப்பாடப் புத்தகங்களைச் சேகரிக்க ஐந்து நிமிடம். “டீச்சர், அவன் என் அடிக்கோலை எடுத்துட்டான்” போன்ற வழக்குகளை விசாரிக்க மூன்று நிமிடம். எஞ்சிய நேரத்தில்தான் எதிர்ம எண்ணும் இயற்கணிதமும்!

இயற்கணிதக் கோவைகளைத் தொடங்கிய வாரத்தை மறக்கவே முடியாது. 3a + 2b என்று எழுதி, “இதைச் சுருக்க முடியுமா?” என்று கேட்டேன். வகுப்பே ஒரே குரலில் “5ab” என்றது. இது கவனக்குறைவால் வரும் தவறன்று. ஆரம்பப்பள்ளியில் ஆறு ஆண்டுகளாகக் கூட்டல் குறியைக் கண்டால் கூட்டி ஒரே விடையாக எழுதிப் பழகியவர்கள் அவர்கள். நடுவில் கூட்டல் குறி நிற்கும் விடை, அவர்கள் கண்ணுக்கு முடியாத கணக்காகவே தெரிகிறது.

ஆகவே, அவர்களை உணவுக்கடைக்கு அழைத்துச் சென்றேன், கற்பனையில்தான். ஒரு ரொட்டி சானாயின் விலை a ரிங்கிட். ஒரு தே தாரிக்கின் விலை b ரிங்கிட். மூன்று ரொட்டியும் இரண்டு தேநீரும் வாங்கினால் 3a + 2b. இப்பொழுது ரொட்டி 2 ரிங்கிட், தேநீர் 3 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 3a + 2b என்பது 6 + 6, அதாவது 12 ரிங்கிட். 5ab என்றால் 5 × 2 × 3, அதாவது 30 ரிங்கிட். “12 ரிங்கிட்டுக்குச் சாப்பிட்டுவிட்டு 30 ரிங்கிட் கொடுப்பீர்களா?” என்று கேட்டதும் வகுப்பே சிரித்தது. அன்று ஆசிரியர் அறைக்கு மிதந்துகொண்டே போனேன் எனலாம்.

மறுநாள் ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு சிறு சோதனை வைத்தேன். 11 பேர் மீண்டும் 5ab என்றே எழுதியிருந்தார்கள்! நேற்றுச் சிரித்தவர்களும் அவர்களில் அடக்கம். என் வழிகாட்டி ஆசிரியர் தாள்களைப் பார்த்துவிட்டு, “சிரித்தார்கள் என்றால் கதை புரிந்தது என்று பொருள். கணக்கு புரிந்ததா என்பதை அடுத்த வாரம்தான் சொல்ல முடியும்” என்றார். ஆசிரியர் தொழிலின் ஏற்றமும் இறக்கமும் 24 மணி நேரத்துக்குள் வந்துபோகும் என்பதை அன்று அறிந்தேன்.

சிவப்பு மையில் நான் எழுதிய சொல்

இனி அந்த மாணவனுக்கு வருவோம். என்னைப் போலவே அவனும் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவன். வாய்பாடு அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் சோதனையில் 28 புள்ளிகள்தான். அவன் புத்தகத்தில் ஒரு கணக்கு இப்படி இருந்தது: “தோலாக் 3 டாரிபாடா 8”. விடை 5 என்பது நமக்குத் தெரியும். அவன் 3 − 8 = −5 என்று எழுதியிருந்தான். பக்கத்தில் நான் சிவப்பு மையில் ‘சுவாய்’, அதாவது கவனக்குறைவு, என்று எழுதினேன். ஒரு முறையன்று, இரண்டு வாரத்தில் ஏழு இடங்களில் அந்தச் சொல்லை எழுதியிருக்கிறேன்.

ஒரு நாள் பள்ளி முடிந்து நடைபாதையில் அவன் பேருந்துக்காகக் காத்திருந்தபோது, அந்தப் புத்தகத்தைக் காட்டித் தமிழில் கேட்டேன். “எட்டிலிருந்து மூன்றைக் கழித்தால் எவ்வளவுப்பா?”

“அஞ்சு, டீச்சர்.”

“பிறகு ஏன் இங்கே மைனஸ் அஞ்சு?”

அவன் கேள்வியை விரலால் தொட்டுக் காட்டினான். “இதுல மூணுதானே டீச்சர் முன்னால இருக்கு?”

அவன் சொன்னது முழுக்க முழுக்க நியாயம். அந்த மலாய் வாக்கியத்தில் 3 முன்னால்தான் நிற்கிறது. அவன் இடமிருந்து வலமாகப் படித்தான். படித்த வரிசையிலேயே எழுதினான். 3 − 8 = −5 என்பதையும் பிழையின்றிக் கணக்கிட்டிருந்தான். அவன் எந்த இடத்திலும் கவனக்குறைவாக இல்லை. கவனிக்கத் தவறியவள் நான்தான்.

வரிசை மாறும் மூன்று இடங்கள்

அன்றிரவு பாடநூலை எடுத்து வைத்து, தமிழிலும் மலாயிலும் கணிதக் கூற்றுகள் எப்படி அமைகின்றன என்று ஒப்பிட்டுப் பார்த்தேன். மூன்று இடங்களில் வரிசை தலைகீழாக இருந்தது.

முதலாவது, கழித்தல். தமிழில் “8இலிருந்து 3ஐக் கழி” என்கிறோம். பெரிய எண் முதலில், கழிபடும் எண் அடுத்து, வினை கடைசியில். 8 − 3 என்று எழுதும்போதும் எண்கள் அதே வரிசையில் நிற்கின்றன. மலாயில் ‘தோலாக்’ என்ற வினை முதலில் வருகிறது. அடுத்து 3, பிறகு ‘டாரிபாடா’, கடைசியில் 8. எழுதும்போது எண்களை இடம் மாற்றியாக வேண்டும். அந்த மாற்றத்தைத் தமிழ்ப்பள்ளியில் செய்ய வேண்டிய தேவையே இவனுக்கு ஏற்பட்டதில்லை.

இரண்டாவது, பின்னம். 3/5 என்பதைத் தமிழில் ‘ஐந்தில் மூன்று’ என்று வாசிக்கிறோம். கீழே உள்ள பகுதியெண் முதலில், மேலே உள்ள தொகுதியெண் பிறகு. மலாயில் ‘தீகா பெர் லீமா’. தொகுதியெண்ணே முதலில். முதலில் கேட்ட எண்ணைக் கீழே எழுதிப் பழகிய கை, 5/3 என்று எழுதிவிடுகிறது. கரும்பலகையில் கண்டால் தவறு வராது. காதால் கேட்டு எழுதும்போதுதான் வருகிறது. அதனால்தான் சில மாணவர்கள் பயிற்சிநூலில் சரியாகவும் வாய்மொழிக் கேள்வியில் தவறாகவும் செய்கிறார்கள்.

மூன்றாவது, ‘குறைவு’ என்ற சொல் வரும் வாக்கியக் கணக்கு. “அண்ணனின் வயது, தம்பி வயதின் இரு மடங்கைவிட 4 குறைவு.” தமிழில் இதைக் கேட்டபடியே எழுதலாம்: இரு மடங்கு 2x, 4 குறைவு, ஆக 2x − 4. இதே கூற்று மலாயில் ‘4 தாஹுன் கூராங் டாரிபாடா’ என்று தொடங்கி, ‘இரு மடங்கு’ என்பதில் முடியும். வரிசைப்படி எழுதுபவன் 4 − 2x என்று எழுதுவான்.

எல்லாமே தலைகீழ் என்று எண்ணிவிட வேண்டாம். “12ஐ 3ஆல் வகு” என்பதில் இரு மொழியிலும் 12தான் முதலில் வரும். கூட்டலிலும் பெருக்கலிலும் வரிசை மாறினாலும் விடை மாறாது. சில சொற்கள் நமக்குத் துணையாகவும் நிற்கின்றன. மீதியைக் குறிக்கும் ‘பாக்கி’ மலாயிலும் உண்டு, தமிழிலும் உண்டு. அரபு மூலத்திலிருந்து இரு மொழிக்கும் வந்த சொல் அது. அந்தச் சொல்லைக் கண்டபோது அவன் முகம் மலர்ந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆரம்பப்பள்ளியில் இவன் மாட்டிக்கொள்ளாதது ஏன்? அங்கே 3 − 8 என்று எழுதினால் ‘முடியாது’ என்று தெரியும். உடனே திருப்பி எழுதிக்கொள்ளலாம். முதலாம் படிவத்தின் முதல் அதிகாரத்திலேயே எதிர்ம எண்கள் வந்துவிடுகின்றன. அதன் பிறகு 3 − 8 முடியாத கணக்கன்று. −5 என்று அழகாக ஒரு விடை கிடைக்கிறது. எச்சரிக்கை மணி அடிப்பது நின்றுவிடுகிறது. புதிதாகக் கற்ற பாடமே பழைய பிழையை மறைத்துவிட்டது!

ஏணியை மறந்தவள்

இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும் அல்லவா? தோன்றாததற்காக வெட்கப்படுகிறேன். 2003இல் அறிமுகமான பி.பி.எஸ்.எம்.ஐ. கொள்கையின்கீழ்த் தமிழ்ப்பள்ளிகளிலும் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் போதிக்கப்பட்டன. 2009இல் அக்கொள்கையைக் கைவிட முடிவெடுக்கப்பட்டது. 2011இல் முதலாம் ஆண்டில் சேர்ந்த எங்கள் அணி கணிதத்தைத் தமிழிலேயே பயின்றது. 2017இல் நாங்கள் முதலாம் படிவத்துக்குச் சென்றபோது எல்லாம் மலாய். நானும் அப்போது தடுமாறினேன். “டாரிபாடா வந்தால் திருப்பிப் போடு” என்று பக்கத்து மாணவி சொல்லிக்கொடுத்ததை மனப்பாடம் செய்து தப்பித்தேன். ஏறிய பிறகு ஏணியை மறந்துவிட்டேன்.

2016இல் இருமொழிப் பாடத் திட்டமும் வந்தது. அதில் இணைந்த பள்ளிகளில் கணிதம் ஆங்கிலத்தில் நடத்தப்பட்டது. ஆக, முதலாம் படிவத்தில் ஒரே மேசையில் அமரும் மூன்று தமிழ் மாணவர்கள், மூன்று மொழிகளில் கணிதம் பயின்று வந்தவர்களாக இருக்கலாம். மூவரையும் ஒரே சோதனைத்தாள் அளக்கிறது. அதில் வரும் 28 புள்ளி கணிதத்தின் புள்ளியா, வாக்கியத்தின் புள்ளியா என்று தாள் சொல்வதில்லை.

செய்து பார்த்த மூன்று காரியங்கள்

நான் பெரிய முறை எதையும் கண்டுபிடிக்கவில்லை. ‘டாரிபாடா’ என்ற சொல்லைக் கண்டவுடன் வட்டமிட்டு, அதன் வலப்பக்க எண்ணை முதலில் எழுதச் சொன்னேன். தமிழ்ப்பள்ளி மாணவர்களிடம், கூற்றைத் தமிழில் ஒருமுறை முணுமுணுத்துவிட்டு எழுதச் சொன்னேன். விடை வந்ததும் சிறிய எண் ஒன்றைப் பொருத்திச் சரிபார்க்கச் சொன்னேன். தம்பிக்கு 10 வயது என்றால் 4 − 2x என்பது −16. எந்த அண்ணனுக்காவது அந்த வயது உண்டா?

வட்டமிடும் பழக்கத்தை முழு வகுப்புக்கும் கொடுத்தேன். மலாயைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர்கள் சிலரும் ‘தோலாக் 3 டாரிபாடா 8’ என்பதில் வழுக்கியிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். சொல்லின் வரிசைக்கும் குறியின் வரிசைக்கும் உள்ள இடைவெளி எல்லாருக்கும் பொதுவானதே. மொழி மாறி வருபவனுக்கு அது இன்னும் சற்று அகலம், அவ்வளவுதான்.

அவனுடைய அடுத்த சோதனைப் புள்ளி 46. கதைகளில் வருவதுபோல 90 அன்று. ஆனால் அந்த ஏழு இடங்களிலும் என் சிவப்பு எழுத்தை அடித்துவிட்டு, “கணக்கு சரி, வரிசை மட்டும் மாறியது” என்று எழுதிக் கொடுத்தேன். அவன் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தான்.

எல்லாருக்கும் இப்படி விடை கிடைத்துவிடவில்லை. கடைசி வரிசையில் ஒரு மாணவி பதினாறு வாரமும் வெறும் தாளையே கொடுத்தாள். மலாயில் கேட்டேன், தமிழில் கேட்டேன், தனியே அழைத்தும் கேட்டேன். அவள் காரணம் மொழியில் இல்லை. அது எங்கே இருந்தது என்று கண்டுபிடிப்பதற்குள் என் பயிற்சிக்காலம் முடிந்துவிட்டது. அவள் பெயரை வழிகாட்டி ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அது போதாது என்று எனக்குத் தெரியும்.

நம்மால் ஆவது

எண்ணையும் எழுத்தையும் ஒன்றாகவே வைத்துப் பேசியவர் ஔவையார். நாமோ, கணிதத்தை ஒரு வகுப்பிலும் மொழியை இன்னொரு வகுப்பிலும் வைத்துவிட்டோம். தமிழ்மொழிக் கழகங்கள் பல ஆண்டுகளாக யு.பி.எஸ்.ஆர். மாணவர்களுக்கு வழிகாட்டிக் கருத்தரங்குகளை நடத்தின. அத்தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. ஆனால் ஆறாம் ஆண்டுக்கும் முதலாம் படிவத்துக்கும் இடையே உள்ள ஆற்றை மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் கடந்துகொண்டுதான் இருக்கிறார்கள். நம் உழைப்பை அங்கே திருப்பலாம் அல்லவா?

அதற்குப் பெரும் நிதி தேவையில்லை. பின்னம், தசமம், விழுக்காடு, சுற்றளவு, பரப்பளவு என்று நாற்பது ஐம்பது சொற்களைத் தமிழிலும் மலாயிலும் ஒரே தாளில் அச்சிடலாம். வரிசை மாறும் அந்த மூன்று இடங்களையும் அதில் எடுத்துக்காட்டோடு சேர்க்கலாம். ஆண்டிறுதி விடுமுறையில் அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியில் இரண்டு மணி நேரம் நம்மில் நால்வர் அமர்ந்தால் போதும். முன்னாள் மாணவர்களாகிய அண்ணன்மார்களும் அக்காமார்களும், தாங்கள் முதலாம் படிவத்தில் எந்தச் சொல்லில் தடுக்கி விழுந்தீர்கள் என்று எழுதி அனுப்பினால் அந்தத் தாள் இன்னும் சிறப்பாக அமையும். முதல் சொல்லாக நான் ‘டாரிபாடா’வை எழுதி வைத்திருக்கிறேன்.