குதிரை மேய்ந்தது... பறவை வந்தது!



செடி, கொடியை வெட்டாமல் விட்டால் தான் இயற்கை பிழைக்கும் என்று தானே படித்திருக்கிறீர்கள்? இங்கிலாந்தில் ஓரிடத்தில், இயற்கையைக் காப்பாற்றவே புதரை வெட்டுகின்றனர்; குதிரைகளை மேய விடுகின்றனர். ஏன் தெரியுமா?

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது கார்ன்வால். அதன் தெற்கு நுனி, லிசர்டு தீபகற்பம். கடலோரம் முழுக்க செங்குத்தான பாறைகள். மேலே, உப்புக் காற்று வீசும் சத்தில்லாத மண். அங்கே முழங்கால் உயரச் செடிகளும், குட்டைப் புல்லும் தான் வளரும். இப்படிப்பட்ட நிலத்துக்கு, 'ஹீத்' என்று பெயர். கோடையின் முடிவில், 'கார்னிஷ் ஹீத்' என்ற செடி இளஞ்சிவப்பு நிறத்தில் பூத்துக் குலுங்கும்.

இந்த நிலம், தானாகவே இப்படி இருந்து விடவில்லை. பல நூறு ஆண்டுகளாக விவசாயிகள் இங்கே ஆடு, மாடு, குதிரைகளை மேய்த்தனர். மஞ்சள் பூ பூக்கும், 'கோர்ஸ்' முள்புதரை விறகுக்கு வெட்டினர். அதனால், புதர் தலைதூக்க முடியவில்லை.

காலம் மாறியது. பாறை ஓரத்தில் மேய்ப்பதில் லாபம் இல்லை என்று, 20ம் நூற்றாண்டில் பலர் கைவிட்டனர். அப்புறம் என்ன... முள்புதர் மண்டியது, சின்னச் செடிகளுக்கு வெயிலே கிடைக்கவில்லை.

இதில் மாட்டிக் கொண்டது, 'சஃப்' என்ற பறவை. நம்ம ஊர் காக்காவுக்கு உறவு. உடம்பு கறுப்பு, அலகும், காலும் சிவப்பு! வளைந்த அலகை மண்ணில் குத்தி, வண்டு, புழுக்களைத் தின்னும். புல் குட்டையாக இருந்தால் தானே அலகு மண்ணுக்குள் போகும்? போதாக்குறைக்கு மனிதர்கள் இதைச் சுட்டனர், முட்டைகளையும் திருடினர்.

ஆர்தர் மன்னரின் உயிர், இந்தப் பறவைக்குள் புகுந்ததாக கார்ன்வால் மக்கள் கதை சொல்வர். கார்ன்வாலின் சின்னத்திலும் இது இருக்கிறது. அப்படிப்பட்ட பறவை, 1947க்குப் பின் அங்கே குஞ்சு பொரிக்கவில்லை. மிஞ்சியது ஒரே ஜோடி. அதில் ஒன்று, 1967ல் இறந்தது. துணையை இழந்த மற்றொன்று, தனியாகவே ஆறு ஆண்டுகள் வாழ்ந்தது. 1973ல் அதுவும் மறைந்தது.

பிறகு தான், இயற்கை ஆர்வலர்கள் களம் இறங்கினர். அவர்கள் செய்யும் வேலையைப் பாருங்கள்...

* புதரைக் குளிர்காலத்தில் வெட்டுவர். வசந்த காலத்தில் பறவைகள் கூடு கட்டுமே!

* எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வெட்ட மாட்டார்கள். புதரில் வாழும் சின்னப் பறவைகளுக்கும் வீடு வேண்டும் அல்லவா?

* வெட்டியதை அங்கேயே போட மாட்டார்கள். மக்கினால் உரமாகி விடும். மண்ணில் சத்து கூடினால், ஹீத் செடிகளை அமுக்கி விட்டு மற்றவை வளர்ந்து விடும்!

* குட்டைக் குதிரை, மாடுகளை மேய விடுவர். அவற்றின் சாணத்தில் வண்டுகள் சேரும். சஃப்புக்கு விருந்து தான்!

2001ல் அந்த அதிசயம் நடந்தது. யாரும் கொண்டு வந்து விடவில்லை. மூன்று சஃப் பறவைகள், தாமாகவே லிசர்டுக்குப் பறந்து வந்தன! மறு ஆண்டே ஒரு ஜோடி கூடு கட்டியது. முட்டைத் திருடர்கள் நெருங்காமல் இருக்க, தொண்டர்கள் இரவு, பகலாகக் காவல் காத்தனர். மூன்று குஞ்சுகள் பறந்தன. இன்று கார்ன்வாலில், நூற்றுக்கும் மேற்பட்ட சஃப் பறவைகள் வாழ்கின்றன.

ஆனால், வேலை முடிந்து விடவில்லை. மேய்ச்சலை நிறுத்தினால், சில ஆண்டுகளிலேயே புதர் திரும்ப மண்டி விடும். அதனால், குதிரைகள் இன்றும் மேய்கின்றன.

ஓரிடத்தில் மரம் நட வேண்டும். இன்னோர் இடத்தில் புதரை வெட்ட வேண்டும். எந்த நிலத்துக்கு எது தேவை என்று தெரிந்து செய்வது தான் உண்மையான பாதுகாப்பு. சரி தானே குட்டீஸ்?