குஞ்சு வந்தாச்சா? முதலில் சூடு!

மேலகரம் வட்டாரத்துத் தம்பதியரே,

குற்றாலத்தில் சீசன் என்றால் கோழிக்கறிக்குக் கிராக்கி. அதை நம்பி ஜூன் மாதமே இறைச்சிக்கோழிக் குஞ்சு இறக்குகிறீர்கள். ஐந்தாறு வாரத்தில் விற்பனைக்கு வந்துவிடும், சரிதான். ஆனால் சாரலும் ஈரக்காற்றும் அதே நேரத்தில்தானே! பொரித்து ஒரு நாளான குஞ்சுக்குத் தன் உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ளத் தெரியாது. தாய்க்கோழியின் இறக்கைக்குப் பதிலாக நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

பெட்டி வருவதற்கு மூன்று மணி நேரம் முன்பே விளக்கைப் போடுங்கள். உமியை இரண்டு அங்குலம் பரப்பி, மேலே காகிதம் விரித்து, தகரத்தாலோ அட்டையாலோ வட்டமாகத் தடுப்பு வையுங்கள். மூலை இருந்தால் குஞ்சுகள் அங்கே ஒன்றின்மேல் ஒன்று ஏறி மூச்சுமுட்டிச் சாகும். 100 குஞ்சுக்கு 60 வாட் குண்டு பல்பு நாலு வேண்டும். எல்.இ.டி. பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைக்கலாம். வெப்பமானி இல்லையா? குஞ்சையே பாருங்க. விளக்கடியில் குவிந்து கத்தினால் குளிர். விலகி ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாகப் படுத்திருந்தால் சரி.

கரண்ட் போனால் கரி அடுப்பை மூட்டி, கதவைச் சாத்திக்கொண்டு, குஞ்சோடு குடும்பமும் ஒரே அறையில் படுப்பது உண்டு. இதை மட்டும் செய்யவே செய்யாதீங்க! கரிநெருப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. தூங்கும் தாயும் பிள்ளையும் எழாமலே போகலாம். வெந்நீர் நிறைத்த பாட்டில்களைத் துணியில் சுற்றித் தடுப்புக்குள் வையுங்கள்; ஆறினால் மாற்றுங்கள். அதற்கு இரவில் கணவன் ஒரு முறை, மனைவி ஒரு முறை எழுந்தால் போதும். கைக்குழந்தைக்காரி தலையில் எல்லாவற்றையும் கட்டாதீர்கள்.

தள்ளாடும் குஞ்சைத் தனிப்பெட்டியில் வையுங்கள். கால்கள் சில்லென்றிருந்தால் முதலில் சூடு. குளிர்ந்த குஞ்சுக்குத் தீவனம் செரிக்காது. பிறகு வெல்லம் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் அலகு நுனியைத் தோய்த்தெடுங்கள். வாயில் ஊற்றினால் புரையேறிச் செத்துப்போகும். தானாகக் குடித்தபின் தீவனம். பின்பக்கம் எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தால் பிய்க்காமல், வெந்நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்து எடுங்கள். நாம் சாப்பிட்டு மிச்சமான மாத்திரையைக் கரைத்துக் கொடுக்க வேண்டாம். ஒரே நாளில் பல குஞ்சுகள் துவண்டால் கால்நடை மருத்துவரிடம் போங்கள். வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் வாரமே கண்ணில் விடும் சொட்டு மருந்தையும் அவரிடம் கேளுங்கள்.

சூடாக இருக்கிறதே என்று தனிப்பெட்டியை அடுப்பங்கரையில் வைக்காதீர்கள். எச்சத்தில் இருக்கும் சால்மோனெல்லா கிருமியால் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வரும். குஞ்சைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சோறு ஊட்டுங்கள்.