கட்டிங் கணக்கு

தொடர் – 9

போன வாரம் டாஸ்மாக்கின் கதையைப் பார்த்தோம். 1983-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மொத்த வியாபாரத்துக்காகத் தொடங்கிய நிறுவனம், 2003-ல் ஜெயலலிதா ஆட்சியில் சில்லறைக் கடைகளையும் கையில் எடுத்துக்கொண்டது வரை. இந்த வாரம் பாட்டிலுக்குள் போவோம்.

மாலை ஏழு மணிக்கு ஏதாவது ஒரு கடை வாசலில் நின்று பாருங்கள். தோளில் காலேஜ் பையோடு ஒரு பையன், முன்பின் தெரியாத கொத்தனாரிடம் போய், “அண்ணே, கட்டிங்?” என்பான். ஆளுக்குப் பாதிக் காசு. கொத்தனார் போய் குவார்ட்டர் வாங்கி வருவார். இரண்டு பிளாஸ்டிக் டம்ளர்களை ஒட்டி வைத்து, கண் மட்டத்துக்குக் குனிந்து, சொட்டு கூடாமல் குறையாமல் பிரிப்பார்கள். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில்கூட இவ்வளவு நேர்மையைப் பார்க்க முடியாது. தண்ணீர் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்துப் பீய்ச்சி, ஒரே மூச்சு. விரல் நுனியில் ஊறுகாய். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாமல் அவரவர் வழியில் போய்விடுவார்கள்.

21 வயது நிறையாதவர்களுக்கு விற்கக் கூடாது என்பது விதி. கடையில் பலகையும் இருக்கும். ஆனால் பாட்டிலை வாங்கியவர் கொத்தனார்தானே! இப்படித் துணைக்கு ஆள் தேடி நிற்பதை அரசாங்கமும் அறியும். 2023-ல் துறை அமைச்சரே இதைக் காரணமாகச் சொல்லித்தான் 90 மில்லி டெட்ரா பேக் பற்றிப் பேசினார்.

அந்தப் பையனைக் கேட்டால், “கட்டிங்தான் சார், சும்மா கொஞ்சம்” என்பான். கொஞ்சமா என்று பார்த்துவிடலாம்.

குவார்ட்டர் என்பது 180 மில்லி. லேபிளில் பொடி எழுத்தில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அப்படியானால் உள்ளே இருக்கும் சுத்த ஆல்கஹால் 77 மில்லி. எடையில் சுமார் 60 கிராம். ஒரே அமர்வில் 60 கிராமும் அதற்கு மேலும் குடிப்பவர்களைத்தான் உலக சுகாதார நிறுவனம் மிதமிஞ்சிக் குடிப்பவர்கள் என்று தனியாகக் கணக்கெடுக்கிறது. அவர்கள் அபாயக் கோடு போடும் இடத்தில்தான் நம் கடையின் மிகச் சிறிய பிராந்தி பாட்டிலே ஆரம்பிக்கிறது. கட்டிங் அதில் சரிபாதி, 30 கிராம்.

“நான் பீர் மட்டும்தான்” என்று பெருமைப்படுகிற பையன்கள் உண்டு. வீட்டிலும் இதைக் கேட்டுப் பெருமூச்சு விட்டுக்கொள்கிறார்கள். 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் 8 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கலாம். அப்படி ஒரு பாட்டிலில் 40 கிராம். கட்டிங் போட்டவனைவிட இவன்தான் அதிகம் குடித்திருக்கிறான்.

இனி பைக். வண்டி ஓட்டுபவரின் ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் வரைதான் சட்டம் பொறுத்துக்கொள்ளும். மீறினால் முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. 60 கிலோ எடையுள்ள பையன் வெறும் வயிற்றில் ஒரு கட்டிங் அடித்தால் அந்த அளவு ஏறக்குறைய 70-ஐத் தொடும். முழுக் குவார்ட்டர் என்றால் 140-க்கு மேல். ஈரல் மணிக்கு 15 வீதம்தான் கழிக்கும். அதை அவசரப்படுத்த வழி கிடையாது. ராத்திரி பத்து மணிக்குக் குவார்ட்டரை முடித்துவிட்டு, தூங்கி எழுந்து, விடியற்காலை நாலு மணிக்கு ஈ.சி.ஆரில் சூரிய உதயம் பார்க்கப் பைக்கை எடுப்பவன், தான் தெளிவாக இருப்பதாக நம்புவான். ஊதச் சொன்னால் 50-க்கு மேல் காட்டும்.

எனக்கு இதையெல்லாம்விடக் கவலை தருவது ‘கெப்பாசிட்டி’ என்கிற பேச்சு. எவ்வளவு அடித்தாலும் ஸ்டெடியாக நிற்கிறவன் விடுதி அறையில் கதாநாயகன். மார்க் ஷூக்கிட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், சான் டியேகோவில் 1970-களின் இறுதியில் தொடங்கி, 20 வயதை ஒட்டிய இளைஞர்களுக்கு அளந்து மது கொடுத்துப் பார்த்தார். பிறகு பல ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார். அன்றைக்குப் போதை குறைவாக ஏறியவர்கள்தான் பிற்காலத்தில் அதிகம் குடிநோயாளிகள் ஆனார்கள். போதும் என்று சொல்லும் மணி அவர்களுக்குத் தாமதமாக அடிக்கிறது, அவ்வளவுதான். வயதுக்கும் இதில் பங்கு உண்டு. ஆய்வகத்தில் இளம் எலிகள் வளர்ந்த எலிகளைப் போலச் சீக்கிரம் மயங்கிச் சாய்வதில்லை. ஆனால் வழியை நினைவு வைக்கும் சோதனையில் அவைதான் மோசமாகத் தோற்றன. 15 வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்கியவர்கள், 21-ல் தொடங்கியவர்களைப் போல நான்கு மடங்கு குடிக்கு அடிமையாகிறார்கள் என்று 1997-ல் வெளியான அமெரிக்க ஆய்வு சொன்னது.

“நேத்து என்ன நடந்துச்சுன்னே ஞாபகம் இல்ல மச்சி” என்று சிரிப்பார்களே, அதுவும் இதே கதைதான். மறந்துபோனதல்ல. மது மளமளவென்று ஏறும்போது மூளை நினைவுகளைப் பதிவதையே நிறுத்திவிடுகிறது. அந்த நேரத்தில் அவன் பேசியிருப்பான், யாருக்காவது போன் போட்டிருப்பான், வண்டியும் ஓட்டியிருப்பான்.

அறைத்தோழர்களுக்கு ஒன்று. மட்டையானவனை மல்லாக்கப் போட்டுவிட்டு, “தூங்கினா சரியாயிடும்” என்று கதவைச் சாத்திக்கொண்டு போய்விடாதீர்கள். கடைசியாகக் குடித்தது இன்னும் வயிற்றில்தான் இருக்கிறது. அவன் தூங்கும்போதும் ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். வாந்தி மூச்சுக்குழாயில் போனால் இருமித் தள்ள அவனுக்குச் சுரணை இருக்காது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்திலேயே ஒருவர் உட்கார்ந்திருங்கள். தட்டி எழுப்பியும் அசையாவிட்டாலோ, மூச்சு விட்டுவிட்டு வந்தாலோ, உடம்பு சில்லிட்டாலோ 108-க்குப் போன் போடுங்கள். மோரும் எலுமிச்சைச் சாறும் தலையில் ஊற்றும் தண்ணீரும் அவன் ரத்தத்திலிருந்து ஒரு மில்லிகிராமைக்கூட இறக்காது. அரை மயக்கத்தில் வாயில் ஊற்றும் மோரே மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம்.

(தொடரும்)