மலையிலிருந்து வைத்தியசாலை வரை

காலைப் பிரட்டு முடிந்து, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்து மலைக்கு ஏறும் பெண்களுக்கு மழையும் வெயிலும் புதியவை அல்ல. அட்டைக்கடியும் பழகிப்போன தொல்லையே. ஆனால், தேயிலைச் செடிக்குள்ளோ மரக்கிளையிலோ மறைந்திருக்கும் குளவிக்கூடு கலைந்துவிட்டால் நிலைமை வேறு. சில நிமிடங்களில் பலர் கொட்டப்படுகின்றனர். தப்பி ஓட முயன்று சரிவில் வழுக்கி விழுகின்றனர். அவ்வேளையில் உயிரைக் காப்பது எது? வைத்தியசாலையும் கைதேர்ந்த டாக்டரும் என்று விடை கூறுவோம். அது பாதி உண்மையே. மலையிலிருந்து வைத்தியசாலை வாசல்வரை கழியும் நேரம் மறுபாதி.

அன்றும் இன்றும்

தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்துக்கென இலங்கையில் சட்டம் பிறந்து நூறாண்டுகளுக்கு மேலாகின்றது. 1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் சட்டம் அவ்வகையில் முக்கியமானது. தோட்டத்து டிஸ்பென்சரியில் காயத்துக்குக் கட்டும் காய்ச்சலுக்கு மருந்தும் கிடைக்கும். ஆயின், இரத்தப் பரிசோதனையும் இரவு பகலாக விழித்திருக்கும் டாக்டரும் வேண்டுமெனில், கரவனல்லை, பலாங்கொடை ஆகிய ஆதார வைத்தியசாலைகளுக்கோ, இரத்தினபுரி, கேகாலை நகரங்களின் பெரிய வைத்தியசாலைகளுக்கோ செல்ல வேண்டும்.

இந்தியாவின் நன்கொடையோடு 2016ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பமான ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் சேவை, பின்னர் சப்பிரகமுவ உட்பட நாடெங்கும் பரவிற்று. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் வண்டி வரும், கட்டணம் இல்லை. பயிற்சி பெற்ற உதவியாளர் வழியிலேயே முதற்சிகிச்சையைத் தொடங்கிவிடுவார்.

வரிசை பாராத இடம்

அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் வந்தவருக்கே முதலில் வைத்தியம் என்ற நியதி கிடையாது. எவருடைய உயிருக்கு ஆபத்து அதிகமோ அவரே முதலில் கவனிக்கப்படுவார். கை முறிந்து அலறுகிறவர் காத்திருக்க, ஓசையின்றிச் சோர்ந்து கிடப்பவர் உள்ளே கொண்டு செல்லப்படலாம். இது பாரபட்சம் அன்று; மருத்துவ நியாயம்.

குளவி விஷம் சிலருடைய உடலில் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். முகம் வீங்கும்; மூச்சு அடைக்கும்; இரத்த அழுத்தம் சரியும். இதற்குரிய மருந்து அதிரினலின். தொடையின் வெளிப்புறத் தசையில் அதனைத் தாமதமின்றி ஏற்றுவர். அதன் பின் நோயாளி தெளிந்து எழுந்தாலும், உடனே வீட்டுக்கு அழைத்துச் செல்லலாகாது. சில மணி நேரத்தில் ஒவ்வாமை மீண்டும் தலைதூக்கக்கூடும். பல கொட்டுகள் பட்டவருக்குச் சிறுநீரகமும் பின்னர் பாதிக்கப்படலாம். டாக்டர் “இன்று தங்குங்கள்” என்பது அதனாலேயே.

பாம்புக்கடியில் செய்வது என்ன?

பாம்பு கடித்தவரிடமிருந்து சிறிது இரத்தம் எடுத்து, சுத்தமான கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைப்பர். பின்பு குழாயைச் சரித்துப் பார்க்கும்போது இரத்தம் உறையாமல் ஓடினால், விஷம் வேலை செய்கிறது என்று அறிவர். எத்துணை எளிய சோதனை!

விஷமுறிவு மருந்தை எல்லோருக்கும் ஏற்றிவிட முடியாது. அம்மருந்தே சிலருக்கு ஒவ்வாமை தரும். அதற்கு முன்னர் சிறிதளவு அதிரினலின் கொடுத்தால் அந்த ஆபத்துக் குறையும் என்பதை, இலங்கை வைத்தியசாலைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளரிடையே நடத்தி 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வு காட்டியது. நம் நாட்டு அனுபவம் உலகுக்குப் பயன்பட்டது பெருமைக்குரியதன்றோ?

சிங்களத்தில் குணகடுவா எனப்படும் சிறிய விரியன் இலங்கையில் மிகுதியாகக் கடிக்கும் பாம்புகளுள் ஒன்று. வழக்கமாகக் கிடைக்கும் இந்திய விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கே உரியது; குணகடுவாவின் விஷத்துக்கு அது பயன்படாது. “சிறு பாம்புதானே” என்று லயத்திலேயே இருந்துவிடுவது தவறு. அதன் விஷத்தால் சிறுநீரகம் கெட்டவர்களும் உண்டு. வைத்தியசாலையின் கண்காணிப்பே இங்கே காவல்.

வீட்டார் கடமை

கடிவாயைக் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், கயிற்றால் இறுகக் கட்டுதல் ஆகிய மூன்றும் கூடா. மோதிரத்தையும் வளையலையும் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, நோயாளியைத் தூக்கிச் செல்ல வேண்டும். பாம்பை அடித்துப் பிடிக்க முயன்று இரண்டாம் ஆளும் கடிபட வேண்டாம். குளவி கொட்டி மயக்கம் வந்தவரை நிற்க வைக்காமல், கால்களை உயர்த்திப் படுக்க வைக்க வேண்டும். மூச்சுத் திணறினால் மட்டும் சாய்ந்து உட்கார விடலாம்.

மொழியும் ஒரு தடையே. பதற்றத்தில் வாய் குழறும்போது, குளவிக்குச் சிங்களத்தில் ‘தெபரு’, பாம்புக்கு ‘சர்ப்பயா’ என்று சொல்லத் தெரிந்தாலும் உதவியாகும். எத்தனை மணிக்கு நடந்தது, முன்பு எந்த மருந்து ஒவ்வவில்லை என்பவற்றை ஒரு தாளில் எழுதி, கிளினிக் கொப்பியுடன் கொண்டு செல்லுங்கள்.

மாணவர்களே! இரு மொழியும் கற்கும் நீங்களே இதில் உங்கள் வீட்டுக்குத் துணை. 1990 என்பதைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். தோட்டத்தின் பெயர், பிரிவு, வண்டி வரக்கூடிய பாதை, அருகிலுள்ள கோயில் அல்லது பாடசாலை ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்லப் பழகுங்கள். வண்டி மேலே ஏறமுடியாத மலையாயின், எந்தச் சந்தியில் காத்திருப்பது என்பதைப் பெரியவர்களோடு இன்றே பேசி முடிவு செய்யுங்கள். குளவி கலையும் நாளில் யோசிப்பதற்கு நேரம் இராது.