காட்டாற்று வெள்ளமும் காப்பும்

இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தை அடுத்த ஊர்கள். அம்மலையில் பிறக்கும் ஓடைகள் கண்மாய்களை நிரப்பி வயல்களை வளப்படுத்துகின்றன. ஆண்டின் பெரும்பகுதி பாறையும் மணலுமாய்க் கிடக்கும் அவ்வோடைகளால் தீங்கு நேரும் என எவரும் எண்ணார். ஆயினும், உயிர் வளர்க்கும் அந்நீரே சிற்சில வேளைகளில் உயிர் கவரும் வெள்ளமாய் மாறுகிறது.

வத்திராயிருப்புக்கு மேற்கே சதுரகிரி மலை உள்ளது. அங்குள்ள சுந்தர மகாலிங்கர் கோயிலுக்குத் தாணிப்பாறை அடிவாரத்திலிருந்து நடந்தே செல்லுதல் வேண்டும். மாங்கனி ஓடை முதலியன அவ்வழியை ஊடறுத்து ஓடுகின்றன. 2015ஆம் ஆண்டு மே மாதத்தில் அம்மலையில் திடீரென வெள்ளம் பெருகி, வழிபடச் சென்றோர் சிலரின் உயிரைக் கவர்ந்தது.

வெள்ளம் இவ்வளவு விரைவாகப் பெருகுவது ஏன்? மலைச்சரிவு செங்குத்தானது, பாறையோ நீரை உறிஞ்சாது. பெய்த மழை பல சிற்றோடைகளாய் இறங்கி, ஒடுங்கிய பள்ளத்தாக்கில் ஒன்றுகூடுகிறது. கீழே நிற்பவர்மீது வெயில் காய்ந்துகொண்டிருக்க, மலையுச்சியில் பெருமழை பெய்தல் கூடும். கணுக்காலளவு நீர் சிறிது பொழுதில் இடுப்பளவாகும். ஒரு கன மீட்டர் நீரின் எடை 1,000 கிலோகிராம். ஆதலின், முழங்காலளவே ஆழமுள்ள நீரும் விரைந்தோடுங்கால் வலியவனையும் வீழ்த்திவிடும்.

பனிமலைகளிலும் இத்தகைய இடர் உண்டு. காசுமீரத்துக் குல்மார்க்கில் பனிச்சறுக்குக்குச் செல்வோருள் அறிவுடையார், சரிவின் மேற்புறத்தில் புதுப்பனி மிகுதியாகக் குவிந்திருப்பின் அவ்வழியை விலக்குவர். காலடியை மட்டும் நோக்காது, மேலிடத்தையும் நோக்குதலே மலைவழிச் செல்வோர்க்கு முதற்காப்பு.

வெள்ளம் வருமுன் பெரும்பாலும் சில குறிகள் தோன்றும். தெளிந்த நீர் கலங்கும். சருகும் சுள்ளியும் மிதந்துவரும். மேற்புறத்தில் இரைச்சல் எழும். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் ஓடையைவிட்டு உடனே மேட்டிற்கு ஏறுதல் வேண்டும். ஓடையின் போக்கிலேயே கீழ்நோக்கி ஓடுதல் கூடாது; வெள்ளம் மனிதனினும் விரைந்து வரும். ஓடைப்படுகையில் உறங்குதலும் உணவு சமைத்தலும் தவிர்க்கத்தக்கன. வனத்துறையினர் மலையேறத் தடைவிதித்த நாளில் வேற்றுவழி தேடிச் செல்லுதல் பெரும்பிழை.

மலையிலிருந்து திரும்புவோர்க்கே சோதனை பெரிது. வீட்டை நினைந்த மனம், "இவ்வோர் ஓடைதானே!" என்று விரையத் தூண்டும். உடன்வந்தோர் கடந்துவிட்டனர் என்பதும் துணிவு தரும். அவ்வேளையில் பொறுத்திருத்தல் கோழைமை அன்று. விரைந்து பெருகிய காட்டாறு, மழை ஓய்ந்தபின் பெரும்பாலும் விரைந்தே வடியும். ஓரிரவு பசியோடு கரையில் காத்திருந்தவர் மறுநாள் வீடு சேர்வர்; போன உயிரோ மீளாது.