கால்டுவெல் என்னும் பெயர்

பேராயர் இராபர்ட் கால்டுவெல் 1891ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 28ஆம் நாள் கொடைக்கானலில் காலமானார். அவ்வாண்டின் தொடக்கத்தில் தமது பொறுப்பைத் துறந்த அவர், பழனி மலைத்தொடரின் குளிர்ந்த மேட்டுநிலத்தில் தம் இறுதி மாதங்களைக் கழித்தார். அவரது உடல் மலையிலிருந்து இறக்கப்பட்டு, அரை நூற்றாண்டு அவர் உழைத்த இடையன்குடியின் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. பின்னர் அவரது பெயர் திருநெல்வேலித் திருச்சபையில் பிள்ளைகளுக்கு இடும் பெயராயிற்று. போப், ரேனியஸ் முதலிய பெயர்களும் அவ்வாறே வழங்குகின்றன. இவற்றைக் ‘கிறிஸ்தவப் பெயர்கள்’ என்று கூறுவது நம்மிடையே வழக்கம். இவ்வழக்கு எவ்வளவு பொருத்தமானது என்பதைக் கால்டுவெல் என்னும் பெயரின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

1. குடும்பப் பெயர் தோன்றிய முறை

பண்டைய இங்கிலாந்தில் ஒருவருக்கு ஒரே பெயர்தான் இருந்தது. கி.பி. 1066இல் நார்மானியர் அந்நாட்டை வென்ற பின்னரே, நிலவுரிமையையும் வரியையும் பதிவு செய்யும் தேவை பெருகப் பெருக, ஒரே பெயருடைய பலரை வேறுபடுத்திக் காட்ட இரண்டாம் பெயர் வேண்டியதாயிற்று. ஏறத்தாழ 1400ஆம் ஆண்டளவில் ஆங்கிலேயரில் பெரும்பாலோரிடம் இது தந்தையிடமிருந்து மக்களுக்கு இறங்கும் பெயராக நிலைத்தது. ஒவ்வொரு சபையும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்று 1538இல் பிறந்த ஆணை அதனை மேலும் உறுதிப்படுத்தியது.

இப்பெயர்களை நால்வகையாகப் பகுப்பர். தொழிலால் வந்தவை ஒருவகை: 1821இல் பழனி மலையை அளந்த வார்டு என்பாரின் பெயர், காவலன் என்று பொருள்படுவது. தந்தை அல்லது முன்னோர் பெயரால் வந்தவை இரண்டாம் வகை: கொடைக்கானல் பூங்காவின் பெயரில் விளங்கும் பிரையண்ட், பிரையன் என்னும் ஆட்பெயரினின்று பிறந்தது. நிறத்தாலும் தோற்றத்தாலும் வந்தவை மூன்றாம் வகை. பிரவுன் என்பது அதற்குச் சான்று. நான்காவது, ஊராலும் இடத்தாலும் வந்தவை. கால்டுவெல் என்பது இவ்வகையைச் சார்ந்தது.

2. பெயரின் பொருள்

பழைய ஆங்கிலத்தில் ‘கால்டு’ என்பது குளிர்ந்த என்றும், ‘வெல்’ என்பது ஊற்று அல்லது ஓடை என்றும் பொருள்படும். பிற்காலத்தில் அச்சொல் கிணற்றைக் குறிப்பதாயினும், இங்குத் தோண்டிய கிணற்றினும் தானே சுரக்கும் நீரே கருதப்பட்டது. எனவே ‘தண்சுனை’ என்று தமிழில் கூறின் பொருத்தமாகும். தென்னிங்கிலாந்தில் முதற்சொல் ‘கோல்டு’ எனத் திரிந்தது; வடநாட்டாரும் ஸ்காத்லாந்தியரும் பழைய அகர ஒலியைப் பேணினர். ஆகவே இப்பெயரின் முதல் ஒலியே அதன் வடபுலத் தோற்றத்தைக் காட்டுகிறது. ஸ்காத்லாந்தின் ரென்ஃப்ரூஷயரிலும் இங்கிலாந்தின் யார்க்ஷயரிலும் இப்பெயர் கொண்ட இடங்கள் உள்ளன.

பதினேழாம் நூற்றாண்டில் ஸ்காத்லாந்தியர் பலர் வட அயர்லாந்தில் குடியேறியபோது இத்தகைய பெயர்களும் கடல் கடந்தன. பேராயர் 1814இல் பிறந்ததும் அயர்லாந்தின் அன்ட்ரிம் பகுதியிலேயே. அவருடைய பெற்றோர் ஸ்காத்லாந்தியர்.

எனினும், கால்டுவெல் என்போர் யாவரும் ஒரே குடியினர் என்று கொள்ளுதல் ஆகாது. குளிர்ந்த நீரூற்று இருந்த ஊர்கள் பல. மேலும், அயர்லாந்தில் வேற்றுப் பெயருடைய சில குடும்பங்கள், தங்கள் தாய்மொழிப் பெயரில் குளிர், நீர் என்னும் பொருள் தொனித்தமையால், ஆங்கிலத்தில் கால்டுவெல் என எழுதிக்கொண்டன. பெயரொப்புமை மட்டுமே உறவுக்குச் சான்றாகாது. சொல்லொப்புமையோடு நின்றுவிடாது இலக்கண அமைப்பையும் ஆராய்ந்தே மொழிகளின் உறவை நிறுவவேண்டும் என்று 1856இல் வெளிவந்த தமது ஒப்பிலக்கணத்தில் காட்டியவரின் பெயருக்கே இவ்விதி பொருந்துவது நோக்கத்தக்கது.

3. தமிழகத்தில் நிகழ்ந்த மாற்றம்

ஐரோப்பிய வழக்கில் குடும்பப் பெயர் திருமுழுக்கில் வழங்கப்படுவதன்று. அது பிறப்பால் வருவது. பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் இராபர்ட். அதுவும் திருமறைப் பெயரன்று. ‘புகழொளி’ என்னும் பொருளுடைய பழைய ஜெர்மானியச் சொல். தமிழ்க் கிறிஸ்தவரோ, மரபுவழிக் குடும்பப் பெயர் இல்லாதவராதலால், கால்டுவெல் என்பதைத் தனிப்பெயராக்கினர். அப்பெயருடையவரின் மகன் அதனைத் தன் பெயரின் முன் ‘கா.’ என்னும் ஓரெழுத்தாகச் சுமக்கிறான். ஓர் ஊரின் பெயர் குடும்பத்தின் பெயராகி, குடும்பப் பெயர் ஆட்பெயராகி, ஆட்பெயர் தலைப்பெழுத்தாகச் சுருங்கிற்று.

இதனால் நாம் அறிவது யாது? கால்டுவெல் என்னும் சொல்லில் சமயப் பொருள் ஏதும் இல்லை. அதனை நம்மவருக்கு அருமையாக்கியது அதனைத் தாங்கிய மனிதரின் உழைப்பே. நன்றியின் அடையாளமாக அப்பெயரை இடுதல் நன்று. ஆனால் தமிழ்ப் பெயரோடு திருமுழுக்குக்கு வரும் பிள்ளைக்கு ‘கிறிஸ்தவப் பெயர் வேண்டும்’ என்று ஓர் ஐரோப்பிய ஊர்ப்பெயரைச் சூட்டுதல் பொருந்தாது. ஆதித் திருச்சபையில் பெபேயாளும் அப்பொல்லோவும் கிரேக்கத் தெய்வப் பெயர்களோடு தொடர்புடைய தங்கள் பெயர்களை மாற்றிக்கொள்ளவில்லை. தண்சுனை என்னும் பொருளை ஆங்கிலத்தில் ஏற்கும் சபை, குளிர்ந்த நீரையும் மலரையும் ஒளியையும் தமிழில் பெயராகக் கொண்டு வரும் பிள்ளையையும் அப்பெயராலேயே ஏற்றல் தகும்.